இருபத்தொரு நாள் கணக்கு

பன்னிரண்டாம் தேதி வைத்தால்
மூன்றாம் தேதி பொரியும்.
மூன்றாம் தேதி கோட்டாறு திருவிழா,
மாவட்டத்துக்கே லீவு.
பூட்டிய வகுப்பில் பிறந்து
யாரைப் பார்த்துக் கத்தும் குஞ்சுகள்?
ஒரு நாள் தள்ளினேன்.
காலண்டரில் அழித்து எழுதிய இடம்
கொஞ்சம் கறுத்திருக்கிறது.

பெட்டி கிடைத்துவிட்டது.
குளச்சலிலிருந்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டி.
மூன்று முறை சோப்புப் போட்டும்
நெத்திலி போகவில்லை.
"கோழிக்கு மணம் தெரியாது டீச்சர்"
என்றான் அபினேஷ்.
தெரியுமோ என்னவோ.
கரும்பலகையின் ஓரத்தில்
'தேட வேண்டியவை' என்று எழுதி
அதைத்தான் முதலில் போட்டேன்.

பல்புதான் அலைய வைத்தது.
தக்கலையில் நாலு கடை, திங்கள்சந்தையில் ரெண்டு.
"நாற்பது வாட் குண்டு பல்பா? அதெல்லாம் போச்சு.
இதைத் தொட்டுப் பாருங்க, மணிக்கணக்கா எரியுது,
சூடே இல்ல."
சூட்டுக்குத்தான் வந்திருக்கிறேன்,
வெளிச்சம் எனக்கு உபரி என்று
எப்படிச் சொல்ல?
கடைசியில் மேக்காமண்டபம் ஜங்ஷனில்
சைக்கிள் கடைப் பரணில் இருந்தது,
ரெண்டு எண்ணம்,
எட்டுக்காலி வலையோடு.

சத்துணவு முட்டையை வைக்கலாமே என்றார்கள்.
வராது என்றேன்.
ஏன் என்றார்கள்.
அது சேவல் இல்லாத பண்ணை முட்டை.
"சேவல் எதுக்கு?" என்றது முன்பெஞ்சு.
பின்பெஞ்சு சிரித்தது.
புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு
இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.

அப்போது எழுந்தான் விஜின்,
கணக்கில் எப்போதும் முட்டை வாங்குகிறவன்.
"எங்க வீட்டில சேவல் உண்டு.
பன்னிரண்டு நான் கொண்டு வாறேன்."
"நீ கொண்டு வராம வேற யாருலேய்?"
வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.
நானும் சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ஒரு பக்கம் வட்டம், மறு பக்கம் பெருக்கல் குறி,
பென்சிலால் போட வேண்டும்,
திருப்பியாச்சா என்று தெரிவதற்கு.
"முட்டையில தப்பு போடாதீங்க டீச்சர்."
அவன்தான்.
"சரி போடுங்க."
பன்னிரண்டுக்கும் சரி போடுவதாக
ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யார் திருப்புவது?
பாதி வகுப்பு பூசைக்கு, மீதியில் பாதி ஆராதனைக்கு.
ஷிஃபானாவும் மகேஸ்வரனும் வருகிறார்களாம்.
சாவி கொடுக்க எச்.எம். சார் யோசிக்கிறார்.
கரண்டு நிறுத்தும் சனிக்கிழமைக்கு
"சூடுவெள்ளம் நான் தாறேன், குப்பியில அடச்சு வையுங்க"
என்றார் சத்துணவுக்கூடத்துத் தங்கலீலா.
அடுப்பை ஊதிக்கொண்டே,
"எனக்க கோழிக்கு இந்தக் கணக்கு ஒண்ணும் தெரியாது
பாத்துக்கிடுங்க.
அது சும்மா இருக்கும்."

திட்டத்தாளில் கடைசிக் கட்டம்:
பிறகு?
பெனிட்டா வீட்டுக்குக் கீரி வரும்.
அபினேஷ் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வரும்.
அவன் அதைச் சொன்னபோது
பின்பெஞ்சுகூடச் சிரிக்கவில்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டு
கையெழுத்துக்கு அனுப்பினேன்.
சார் செலவை மட்டும் பார்த்தார்.
பல்பு ரெண்டு, தெர்மாமீட்டர் ஒன்று.
போட்டுவிட்டார்.

முட்டை வைக்குமுன் இரண்டு இரவு
பெட்டி சும்மா எரிய வேண்டும்,
சூடு நிலைக்கிறதா என்று பார்க்க.
உள்ளே ஒன்றும் இல்லை என்று
எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் மணி அடித்த பிறகு
பையைத் தோளில் போட்டபடி
ஒவ்வொருவராக வந்து
காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.
வெளியே ரப்பர் தோட்டத்தில்
மழை பெய்துகொண்டிருந்தது.

காலையில் குறிப்பேட்டில்
பெனிட்டாவின் கையெழுத்து:
முதல் நாள். எட்டரை மணி.
முப்பத்தேழரை டிகிரி.
உள்ளே ஒரு பல்லி.
சுகமாக இருக்கிறது.